மலையடிவாரத்துக் குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மேற்கு மலையடிவாரம் நெடுகக் கார்த்திகை முதல் நாளில் கன்னிசாமிகளுக்கு மாலை அணிவித்து, ஊர் ஊராக இருமுடி கட்டிக்கொடுத்து, குழுக்களை மலையேற்றி இறக்கும் குருசாமிமார்களுக்கு இந்த மடல்.

இந்த மடலை நீதிமன்றத்துக்கோ தேவஸ்வம் வாரியத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. சபரிமலைத் தந்திரியை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்துப் பேசியிராத லட்சக்கணக்கானவர்களுக்கு, ஐயப்ப வழிபாட்டின் விதி என்பது அவரவர் குருசாமி சொன்னதுதான். எத்தனை நாள் விரதம், துக்க வீட்டுக்குப் போகலாமா, மாலையை எங்கே கழற்றுவது, யார் மலைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதையெல்லாம் அவர்கள் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உங்கள் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த வகையில் இந்தப் பள்ளத்தாக்கில் சாஸ்திரத்துக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. பத்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் சபரிமலைக்குப் போகக்கூடாது என்று நீங்கள் சொல்லும்போது, அது சாஸ்திரம் என்ற சொல்லோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். இந்தத் தடை பழைய வழக்கமாக இருக்கலாம், பலருக்குப் பிரியமான வழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் இன்று நாம் கடைப்பிடிக்கும் வடிவில் அது சாஸ்திரம் இல்லை. வாரியத்தின் அறிவிப்பும் நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து உருவாக்கிய விதி அது. மனிதர் எழுதிய விதியைத் தெய்வம் எழுதியதாகச் சொல்வது அந்தத் தெய்வத்துக்கே நாம் செய்யும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எண்களைப் பார்ப்போம். பத்து, ஐம்பது என்பவை எங்கிருந்து வந்தன? கேரளக் கோயில்களின் தாந்திரிக முறைக்கு அடிப்படை நூலாகக் கருதப்படுவது 15ஆம் நூற்றாண்டில் சேன்னாசு நாராயணன் நம்பூதிரி எழுதிய தந்திரசமுச்சயம்; சாஸ்தாவின் பிரதிஷ்டை முறையும் அதில் உண்டு. சபரிமலைக்கே உரிய தலபுராணமாகப் பூதநாதனான ஐயப்பனின் கதையைச் சொல்லும் நூல்களைக் காட்டுவார்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது தடையை ஆதரித்தவர்கள் இந்தத் தலபுராணத்தைத்தான் முன்வைத்தார்கள். ஐயப்பன் நைஷ்டிக பிரம்மச்சாரி என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். ஆனால் ஒரு பெண்ணின் வயதை இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை என்று வரையறுத்து விலக்கும் நூற்சான்று எதுவும் அங்கே நிலைநாட்டப்படவில்லை. 2018 செப்டம்பர் 28 அன்று தடையை நீக்கி நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் வந்த தீர்ப்பில், இந்த விலக்கை சமயத்தின் இன்றியமையாத கூறாக ஏற்பதற்குச் சாஸ்திரச் சான்று இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதற்கு இதுவே அடிப்படை.

எண்கள் தெளிவாக எழுத்தில் கிடைப்பது திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்தின் அறிவிப்புகளில். 1955 அக்டோபர் 21இல் ஒன்றும் 1956 நவம்பர் 27இல் இன்னொன்றும் வெளிவந்தன. அவற்றில் உள்ள வயது வரம்பு பத்து முதல் ஐம்பத்தைந்து. அந்த அறிவிப்பே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: வழக்கத்திலிருந்து அண்மைக் காலமாக விலகல் ஏற்பட்டிருக்கிறது, அதனால்தான் தடை விதிக்கிறோம் என்கிறது. அப்படியானால் 1955க்கு முன் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் வராத இடத்துக்கு வரக்கூடாது என்று யாரும் அறிவிப்பு ஒட்டுவதில்லை. பிறகு 1991 ஏப்ரல் 5 அன்று கேரள உயர் நீதிமன்றம் மகேந்திரன் வழக்கில் தீர்ப்பளித்தபோது வரம்பு பத்துக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ் என்று ஆனது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குள் ஐந்து வயது குறைந்துவிட்டது. அலுவலக ஆணையில் எண்ணைத் திருத்த முடியும். சாஸ்திர வாக்கியம் அப்படித் திருத்தத்துக்கு உட்பட்டது என்று உங்களில் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நீங்கள் கன்னிசாமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எண் 1991ஆம் ஆண்டின் எண்.

உங்கள் தரப்பின் வலுவான சான்றை மறைத்துவிட்டு வாதாடுவது முறையாகாது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் அறிக்கையில் சபரிமலையைக் குறிப்பிடுகிறார்கள். முதிய பெண்களும் சிறுமிகளும் கோயிலை நெருங்கலாம், பருவமடைந்தவர்கள் குறிப்பிட்ட காலம்வரை நெருங்குவதில்லை என்று அதில் இருக்கிறது. 2018 வழக்கில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா தனியே எழுதிய மாறுபட்ட தீர்ப்பை விரும்புகிறவர்களும் தடையின் பழமைக்கு இந்தக் குறிப்பையே எடுத்துக்காட்டுகிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அது எதற்குச் சான்று என்று கவனிக்க வேண்டும். இரண்டு நில அளவையர் தாங்கள் கேட்டறிந்த பழக்கத்தைப் பதிந்திருக்கிறார்கள். எந்த நூல் அப்படி விதிக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. வழக்கம் பழையது என்பது ஒன்று, அது தெய்வக் கட்டளை என்பது இன்னொன்று. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, வழக்கமே போதும், வழக்கத்துக்கே சட்டத்தின் வலிமை உண்டு என்கிறீர்கள். அதுவும் மதிக்க வேண்டிய நிலைப்பாடுதான். தமிழ்நாட்டின் பெரும்பாலான கோயில்கள் ஏட்டைவிட வழக்கத்தையே நம்பி நடக்கின்றன. ஆனால் வழக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது சொல்வது முழுவதையும் கேட்க வேண்டும். கொல்லம் ஆண்டு 1115இல், அதாவது 1939-40இல், திருவிதாங்கூர் மகாராஜாவுடன் மகாராணியும் திவானும் சபரிமலைக்குச் சென்றதாக அந்த 1991 வழக்கின் ஆவணங்களிலேயே இருக்கிறது. மண்டல, மகரவிளக்கு காலம் தவிர்த்த மாதப் பூசை நாள்களில் குழந்தைகளுக்கு முதற்சோறு ஊட்டும் சடங்குக்குத் தாய்மார் வந்திருக்கிறார்கள். சுமார் இருபது ஆண்டுகளாக மாதப் பூசைக்கு வயது பார்க்காமல் பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள் என்று வாரியத் தரப்பே நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் பழக்கத்தை நிறுத்தியது 1991 தீர்ப்பு. ஆக, வாழும் வழக்கம் கூட்டமும் கடுமையும் மிகுந்த மண்டல காலத்தில் ஒரு விதமாகவும் மாதப் பூசையில் வேறு விதமாகவும் இருந்தது. அந்த நெளிவை வெட்டி, ஆண்டு முழுவதற்குமான ஒரே கோடாக மாற்றியது நீதிமன்றம். நீதிமன்றம் மத விஷயத்தில் தலையிடக்கூடாது என்று 2018 தீர்ப்பை எதிர்த்து நம் பக்கத்திலும் ஊர்வலம் போனார்கள். அவர்கள் காக்க நினைத்த விதியின் இன்றைய உருவமும் ஒரு நீதிமன்றம் கொடுத்ததுதான்.

மலையில் மாறாதது எதுவும் இல்லை என்பது உங்களைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. 1950இல் கோயில் தீக்கு இரையானது. அடுத்த ஆண்டு நிறுவப்பட்ட ஐம்பொன் விக்கிரகம்தான் இன்று நாம் கும்பிடுவது. அதைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுசென்று ஐயப்ப பக்தியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர்கள் நமது உத்தமபாளையத்துக்காரரான பி.டி. ராஜனும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும். இந்தப் பள்ளத்தாக்கில் ஐயப்ப பக்தி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது அவர்கள் தலைமுறையின் உழைப்பு. எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதையில் கல் எடுத்து, கரிமலை ஏறி இறங்கும் பெருவழிக்கு மாற்றாகப் பம்பைவரை தார்ச்சாலை வந்தது. பதினெட்டுப் படிக்கு 1985இல் ஐம்பொன் கவசம் வந்தது. தரிசனத்துக்கு இணையத்தில் முன்பதிவு வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் விரதத்தில் நிகழ்ந்திருக்கிறது. ஒரு மண்டலம் முழுக்க விரதமிருப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு வாரம் மாலை போட்டுக்கொண்டு வேனில் ஏறுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கும் உங்களில் பலர் இருமுடி கட்டிக்கொடுக்கிறீர்கள். வேலை, விடுப்பு, குடும்பச் சூழ்நிலை பார்த்து நீங்கள் காட்டும் அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதே 1955 அறிவிப்பு, முறையான விரதமில்லாத ஆண்கள் பதினெட்டாம்படி ஏறுவதையும் பெண்களோடு சேர்த்தே தடைசெய்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரே தாளில் எழுதப்பட்ட இரண்டு தடைகளில் ஆண்களுக்கானது காலப்போக்கில் தளர்ந்தது. பெண்களுக்கானது மேலும் இறுகியது.

விரதம் பற்றிய இந்தக் கேள்வி தடைக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணத்தைத் தொடுகிறது. மாதவிலக்கு வருவதால் பெண்களால் தொடர்ந்து 41 நாள் தூய்மை காக்க முடியாது, ஆகவே அவர்கள் விரதத்துக்குத் தகுதியற்றவர்கள் என்கிறார்கள். 1991 தீர்ப்பும் இந்தக் காரணத்தை எடுத்தாள்கிறது. இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே செவ்வாடை உடுத்தி, சக்தி மாலை போட்டு, இருமுடி சுமந்து மேல்மருவத்தூருக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பீடத்தில் மாதவிலக்கு வழிபாட்டுக்குத் தடையில்லை என்று பங்காரு அடிகளார் வகுத்தார். பெண்கள் கருவறைக்குள் சென்று தாங்களே பூசை செய்கிறார்கள். ஒரே வீட்டில் கணவன் கறுப்பு வேட்டியும் மனைவி செவ்வாடையுமாக விரதமிருப்பது நம் ஊர்களில் புதிதல்ல. மாலை, விரதம், இருமுடி, சரண கோஷம் எல்லாமே இரண்டிலும் உண்டு. பெண்ணின் உடல் விரதத்துக்குத் தகுதியற்றது என்பது பிரபஞ்ச விதியாக இருந்தால் மேல்மருவத்தூர் ஒருநாளும் நின்றிருக்காது. எந்தப் பீடம் எதைத் தூய்மை என்று வகுத்ததோ அதுவே அங்கே தூய்மையாக இருக்கிறது. ஒரு பீடத்தால் வகுக்கப்பட்டதை அதே பீடம் திரும்பவும் யோசிக்கலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இந்த மண்ணுக்கே உரியது. கார்த்திகை மாதம் மாலை போடும் மாதம் மட்டுமல்ல, ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதமும்கூட. விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கம்பம்மெட்டையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு தோட்டங்களுக்குப் போகின்றன. ஈரத்தில் தூருக்கு அருகே குனிந்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் சரத்திலிருந்து கிள்ளியெடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஸ்டோரில் காய்ந்து, சலித்து, தரம் பிரித்து, போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு வரும் காயில் அவர்கள் கைபடாதது இல்லை. சபரிமலையின் அரவணைப் பாயசத்துக்கு மணம் கொடுத்து வந்ததும் ஏலக்காய்தான். அந்த ஏலக்காய் அசுத்தம் என்ற பேச்சு ஒருமுறை உண்மையாகவே எழுந்தது. 2023 ஜனவரியில், காயில் அளவுக்கு மேல் 14 வகைப் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்ததால், ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரவணை டின்களின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு ஏலக்காய் சேர்க்காமல் அரவணை தயாரித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2024இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. இவ்வளவு பெரிய தூய்மை விவாதத்தில் காயைப் பறித்தவள் பெண் என்பதோ, பறித்த அன்று அவள் எந்த நாளில் இருந்தாள் என்பதோ ஒருவர் வாயிலும் வரவில்லை. வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கையில் தீட்டு இல்லை என்பதை நாம் எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். பிரசாதத்துக்குள் அவள் உழைப்பு போகலாம், பிரசாதம் வாங்க அவள் போகக்கூடாது என்பதற்கு எந்தத் தூய்மைக் கோட்பாட்டிலும் காரணம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

காடும் மலையும் பெண்களுக்கு உகந்ததல்ல, பாதுகாப்புக்காகவே விலக்கினார்கள் என்று சிலர் தணிந்த குரலில் சொல்வதுண்டு. நாள்தோறும் அந்த மலையில் ஏறி இறங்கி உழைக்கிற பெண்களின் ஊரில் அந்த வாதம் நிற்காது. சபரிமலை இருக்கும் அதே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் பளியன்குடி வழியாகப் பெண்கள் குழந்தைகளோடு நடந்தே ஏறுகிறார்கள்.

சாஸ்திரம் என்ற சொல்லின் பெயரால் நம் முன்னோர் எதையெல்லாம் காத்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும், ஏனென்றால் இந்த விவாதம் நமக்கு முதல்முறையாக வருவதல்ல. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது குறித்து இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் முடிந்தது. ஆகமமும் வழக்கமும் அவர்களை விலக்குகின்றன என்று கீழ்நீதிமன்றங்கள் கண்டதை அது உறுதிசெய்தது. அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள், நூல்கள் காட்டப்பட்டன, தீர்ப்பு திட்டவட்டமாக இருந்தது. சபரிமலை வழக்கில் கிடைக்காத அளவுக்கு அங்கே ஏட்டுச் சான்று இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று போடி, கம்பம் கடைவீதிகளில் எத்தனையோ ஐயப்ப குழுக்களுக்கு அன்னதானம் நடத்தும் சமூகத்தைப் பற்றித்தான் அந்தத் தீர்ப்பு. 1925 மார்ச்சில் வைக்கம் போராட்டத்தின்போது காந்தி இண்டந்துருத்தி மனைக்குச் சென்று நம்பூதிரிகளுடன் பேசினார். கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்பதற்கு அவர்கள் சங்கர ஸ்மிருதியை ஆதாரமாகச் சொன்னார்கள். அந்த நூல் நம்பகமானதா, சொல்வது அதுதானா என்று பண்டிதர்களைக்கொண்டு ஆராயலாம் என்பது காந்தி முன்வைத்த யோசனைகளில் ஒன்று, அவர்கள் ஏற்கவில்லை. பதினோரு ஆண்டுகளில், 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனம் அந்தச் சமஸ்தானத்தின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலமலை அப்போது திருவிதாங்கூர். ஆகவே நம் மலையின் மேல்பக்கம் கதவு திறந்து மூன்று ஆண்டுகள் கழித்தே அடிவாரத்துக்கு அந்தக் காற்று வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார்கள். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வேறோர் இடத்தில் வழிபாடு நடத்தினார்கள்.

அவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் சொன்னதை முழுமனதோடு நம்பினார்கள். அதனால்தான் இந்த வரலாறு நமக்கு முக்கியமாகிறது. நம்பிக்கையின் ஆழம் ஒரு விதியின் உண்மைக்குச் சான்றாகாது. 1939இல் மீனாட்சி போய்விட்டாள் என்று அழுதவர்களின் பக்தி உங்கள் பக்திக்குக் குறைந்ததல்ல. இருந்தும் அவர்கள் எதைச் சாஸ்திரம் என்று பற்றிக்கொண்டார்களோ அதை இன்று நீங்களே சாஸ்திரம் என்று ஏற்கமாட்டீர்கள். சாதி பார்க்காமல் எல்லோரையும் சாமி என்று அழைத்து, ஒரே பந்தியில் உட்கார வைக்கும் வழிபாடு உங்களுடையது.

நைஷ்டிக பிரம்மச்சரியம் என்ற வாதம்தான் எஞ்சியவற்றில் கனமானது. சாஸ்தாவுக்குப் பல நிலைகள் உண்டு. அச்சன்கோவிலில் துணைவியரோடு இருக்கிறார், குளத்துப்புழையில் பாலகனாக இருக்கிறார், சபரிமலையில் மட்டும் தவநிலையில் இருக்கிறார். அந்த நிலைக்கேற்ற விதி அந்த ஒரு கோயிலுக்கு உண்டு, அதில் என்ன தவறு என்கிறீர்கள். கோயிலுக்குக் கோயில் விதி மாறுவது இயல்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் தவநிலையில் உள்ள தெய்வம் பெண்ணைக் காணக்கூடாது என்பது அந்த நிலையிலிருந்து தானாகப் பிறக்கும் முடிவா? யோகபட்டம் கட்டிக் குந்தியிருக்கும் அதே கோலத்தில் ஐயப்பனை நம் ஊர்களிலேயே நிறுவியிருக்கிறோம்; அங்கே எல்லா வயதுப் பெண்களும் விளக்கேற்றுகிறார்கள், அவர் தவம் குலைந்ததாக யாரும் சொல்லவில்லை. வேறொரு தெய்வத்திலும் இதைப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தின் சனி சிங்கனாப்பூரில் 2016 ஏப்ரல்வரை பெண்கள் சனீசுவரன் மேடையேறத் தடை இருந்தது. சனியின் பார்வை பெண்ணுக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்கள். நம் குச்சனூரில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீசுவரனைப் பெண்கள் எத்தனையோ தலைமுறையாக வணங்கி எள்விளக்கு ஏற்றுகிறார்கள். தெய்வம் ஒன்றாக இருந்தும் விதி இரண்டாக இருந்தால், விதி தெய்வத்தின் இயல்பிலிருந்து வரவில்லை, அந்தந்த ஊரார் அதன்மேல் ஏற்றிச் சொன்ன காரணத்திலிருந்து வந்தது என்றுதான் கொள்ள வேண்டும். உங்கள் மரபு ஐயப்பனின் தவத்தை எவ்வளவு உயரத்தில் வைக்கிறது! அந்தத் தவம் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் கைகூப்பி நிற்பதால் கலையும் என்று சொல்வது அதைச் சிறுமைப்படுத்துவதாகாதா?

பெண்களே வேண்டாம் என்கிறார்களே, ஐம்பது வயதுவரை காத்திருக்கத் தயார் என்று இயக்கமே நடத்தினார்களே என்பது அடுத்தது. காத்திருக்க விரும்புகிறவர்களின் பக்தியை மதிக்கிறேன். ஆனால் காத்திருக்க விரும்புகிறவளுக்குத் தடை தேவையில்லை; தடை தேவைப்படுவது போக விரும்புகிறவளை நிறுத்தத்தான். பக்தியில்லாத போராட்டக்காரர்கள் விளம்பரத்துக்காக வருகிறார்கள் என்ற வருத்தமும் உங்களிடம் உண்டு. 2018 டிசம்பர் 23 அன்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ‘மனிதி’ அமைப்பின் பெண்கள் பம்பையிலிருந்து திரும்ப நேர்ந்ததும், 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் தரிசனம் செய்ததும் நடை சாத்தப்பட்டுச் சுத்திகிரியை நடந்ததும் பலரைப் புண்படுத்தின. யார் பக்தர், யார் இல்லை என்பதை வயதுச் சான்றிதழ் காட்டாது, விரதம்தான் காட்டும். விரதத்தை அளவுகோலாக வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதையே வையுங்கள். அப்போது விளம்பரத்துக்கு வருகிறவர்கள் இரு பாலிலும் தானாகவே வடிகட்டப்படுவார்கள். இந்துக்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கும் நேர்ப் பதில் உண்டு. மும்பை ஹாஜி அலி தர்காவின் உள்ளறைக்குப் பெண்கள் செல்லலாம் என்று 2016 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2019 நவம்பர் 14 அன்று சபரிமலைச் சீராய்வு மனுக்களை நிலுவையில் வைத்துச் சட்டக் கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியபோது, மசூதியில் பெண்கள் தொழுவது, வேறு சமயத்தில் மணந்த பார்சிப் பெண் அக்னிக் கோயிலுக்குச் செல்வது போன்ற கேள்விகளும் சேர்த்தே எடுத்துக்கொள்ளப்பட்டன. எல்லாச் சமயத்திலும் பெண்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் பக்தி போய்விடும் என்ற அச்சம் உங்கள் மனத்தின் அடியில் இருக்கலாம். அதற்கு மலையே பதில் வைத்திருக்கிறது. பொன்னம்பலமேட்டில் தெரியும் மகரவிளக்கு தானாகத் தோன்றுவது என்று தலைமுறைகள் நம்பின. 2008இல் மூத்த தந்திரி கண்டரரு மகேசுவரரு அது மனிதர் ஏற்றும் விளக்கு என்று சொன்னார். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. அதன்பின் உயர் நீதிமன்றம் கேட்டபோது வாரியமும் அது மனிதர் ஏற்றுவதே என்று ஒப்புக்கொண்டது. மகரசங்கராந்தி மாலையில் கூட்டம் குறையவில்லை. ஆதியில் மலைவாழ் மக்கள் ஏற்றிய தீபாராதனையின் தொடர்ச்சியாக அதை எண்ணிக் கும்பிடுகிறார்கள். மனிதக் கையை ஒப்புக்கொண்டதால் விளக்கின் புனிதம் கெடவில்லை. வயது வரம்புக்குப் பின்னால் இருக்கும் மனிதக் கையையும் அதே நேர்மையோடு ஒப்புக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. நாளைக்கே பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. வழிநெடுக என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். வரும் கார்த்திகையில் மாலை போடும்போது ஒரு கன்னிசாமி, என் அம்மா ஏன் வரக்கூடாது, என் அக்கா ஏன் வரக்கூடாது என்று கேட்டால், சாஸ்திரம் என்று சொல்லாதீர்கள். பழைய வழக்கம் ஒன்று இருந்தது, அது காலத்துக்குக் காலம் நெகிழ்ந்தது, 1955இல் வாரியம் அதை அறிவிப்பாக்கியது, 1991இல் நீதிமன்றம் இறுக்கியது, இப்போது மறுபடி விவாதத்தில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதன்பின் மண்டல பூசை முடிந்து குழுக் கணக்குப் பார்க்க உட்காரும்போது, பள்ளத்தாக்கின் குருசாமிகள் சேர்ந்து தேவஸ்வம் வாரியத்துக்கும் தந்திரிக்கும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். கேரளத்துக்கு வெளியிலிருந்து மலையேறுகிறவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர் என்பதால் உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. மண்டல, மகரவிளக்கு காலத்தைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம். மலையாள மாதம் பிறந்து முதல் ஐந்து நாள் நடை திறந்திருக்கும் மாதப் பூசைக்கு, விரதமிருந்து வரும் பெண்களை 1991க்கு முன்பு இருந்ததுபோல் அனுமதியுங்கள் என்று கேளுங்கள். விட்டுப்போன ஒரு வழக்கத்தைத் திரும்பக் கேட்பதில் ஆசார மீறல் எதுவும் இல்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். நாற்பத்தோரு நாளும் நீங்கள் விரதம் கெடாமல் இருக்க விடியலில் எழுந்து சமைத்துவிட்டு ஜீப் ஏறிய பெண்களிடமும் அதைப் படித்துக்காட்டி, சம்மதிக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.